ஜிஓஜி கேம்களை பேக்கப் எடுக்கும்போது வரும் பிழைகள்: நெட்டா, டிஸ்கா, சர்வரா?

உங்கள் கேள்வி கொஞ்சம் நீளம் என்பதால் சுருக்கித் திரும்பச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். ஜிஓஜி என்ற கேம் விற்கும் இணையதளத்தில் பல வருடங்களாக வாங்கிச் சேர்த்த 212 கேம்களின் ஆஃப்லைன் இன்ஸ்டாலர்களை ஒரு 4 டிபி வெளி ஹார்ட் டிஸ்கில் இறக்கி வைக்கப் பார்க்கிறீர்கள். தளத்தில் போய் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருக்க முடியாது என்பதால் ஜிஓஜிரெப்போ என்ற பைதான் ஸ்கிரிப்டை ஓடவிட்டிருக்கிறீர்கள். 190 கேம்கள் இறங்கிவிட்டன. மிச்சம் 22-இல் சிலவற்றுக்கு 404 வருகிறது, சில கிட்டத்தட்ட கடைசி வரை வந்து நின்றுவிடுகின்றன, சில முழுதாக இறங்கியும் எம்டி5 (ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தும் அதே கதை. இன்டர்நெட் கம்பெனியை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்த மூன்று பிழைகளில் நெட்டின் மேல் சந்தேகப்பட இடமிருப்பது ஒன்றில்தான், அதிலும் பாதி. இன்னொன்று, நீங்கள் 22 கேம்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எனக்குக் கவலை அந்த 190-ஐப் பற்றி. பிழை காட்டாமல் இறங்கியவை நல்லபடியாக இருக்கின்றனவா என்று நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் பதினாறு வருடமாக பேக்கப், ஸ்டோரேஜ் வேலை பார்ப்பவன்; கேம் சேகரிப்பு வீட்டுப் பொழுதுபோக்கு. லினக்ஸும் விண்டோஸும் பழக்கம், மேக் தொட்டது குறைவு. அதனால் மேக் இன்ஸ்டாலர்களைப் பற்றி அதிகம் பேசமாட்டேன்.

404-ஐ முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். நீங்கள் கேட்டது சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது, ‘அந்த முகவரியில் அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று அது பதிலும் சொல்லிவிட்டது. பதில் ஒழுங்காக வந்திருக்கும்போது நெட்டைக் குறை சொல்ல முடியாது. ஜிஓஜிரெப்போவில் ‘அப்டேட்’ கொடுத்தால் உங்கள் கணக்கில் உள்ள ஃபைல்களின் பட்டியலை எடுத்து ஒரு மேனிஃபெஸ்ட் ஃபைலில் எழுதிவைக்கும். ‘டவுன்லோட்’ கொடுத்தால் அந்தப் பட்டியலைப் பார்த்து இறக்கும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் போனது என்று யோசித்துப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒரு நொடிகூடத் தொய்யாமல் ஓடினால் நொடிக்கு 12.5 எம்பி, அதாவது 1 டிபி இறங்க 22 மணி நேரம். அப்படி எந்த இணைப்பும் ஓடாது. உங்கள் அளவுக்கு ஒரு வாரமாவது ஆகியிருக்கும். அந்த வாரத்தில் ஒரு கேமுக்கு பேட்ச் வந்தால் இன்ஸ்டாலர் ஃபைலின் பெயரே மாறிவிடும். பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு பில்ட் எண் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பழைய பெயரைக் கேட்டால் 404 வராமல் என்ன வரும்? மறுபடி அப்டேட் கொடுத்துப் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு அந்த கேம்களை மட்டும் இறக்குங்கள். பெரும்பாலானவை அதிலேயே தீர்ந்துவிடும்.

இதோடு ஒட்டிய ஒரு வில்லங்கம் உண்டு, பிழைச் செய்தியே வராத வில்லங்கம். பெரிய கேம் என்றால் ஒரு எக்ஸ்இ ஃபைலும், 4 ஜிபிக்குள் வெட்டிய, ‘.bin’ என்று முடியும் பல ஃபைல்களுமாக வரும். பாதி பாகங்கள் இறங்கியபின் பேட்ச் வந்து, நீங்களும் பட்டியலைப் புதுப்பித்து மீதியை இறக்கினால், ஒரே ஃபோல்டரில் பழைய பதிப்பின் பாகங்களும் புதிய பதிப்பின் பாகங்களும் கலந்து கிடக்கும். ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல ஃபைல்தான், ஆனால் இன்ஸ்டால் செய்யப் போனால் ‘சிதைந்துவிட்டது’ என்று நிற்கும். ஃபோல்டரைத் திறந்து பில்ட் எண்கள் எல்லாம் ஒன்றா என்று கண்ணால் ஒரு தடவை பாருங்கள். கலந்திருந்தால் அந்த கேமின் பழைய பாகங்களைத் தூக்கிவிட்டு முழு செட்டையும் புதிதாக எடுப்பதுதான் வழி.

அடுத்தது பொருந்தாத எம்டி5. எம்டி5-ஐப் பார்ப்பதற்கு முன்னால் ஃபைலின் அளவைப் பார்க்க வேண்டும், இதை நிறையப் பேர் செய்வதில்லை. பட்டியலில் சொன்ன பைட் கணக்கையும் டிஸ்கில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் நடுவில் அறுந்திருக்கிறது. அது ‘நின்றுபோன’ வகையைச் சேர்ந்தது, நெட் காரணமாக இருக்கலாம். வெறும் சில கேபி மட்டுமே இருந்தால் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒழுங்கான விண்டோஸ் எக்ஸ்இ என்றால் முதல் இரண்டு எழுத்து எம், இசட் என்றுதான் இருக்கும்; அதற்குப் பதில் ஹெச்டிஎம்எல் குறிகள் தெரிந்தால், லாகின் காலாவதியாகி, லாகின் பக்கத்தையே உங்கள் ஸ்கிரிப்ட் கேம் என்று நினைத்து சேமித்திருக்கிறது. அளவு கூடுதலாக இருந்தால் அது இன்னொரு சுவாரசியமான கோளாறு. நின்ற டவுன்லோடைத் தொடரும்போது கருவி சர்வரிடம் ‘இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு’ என்று கேட்கும்; சர்வர் சம்மதித்தால் 206 என்று பதில் வரும். நடுவில் உள்ள ஏதோ ஒன்று அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் 200 சொல்லி முதலிலிருந்து முழு ஃபைலையும் அனுப்பினால், கவனமில்லாமல் எழுதிய கருவி அதை ஏற்கெனவே இருக்கும் பாதிக்குப் பின்னால் ஒட்டிவிடும். ஒன்றரைக் கேம் கிடைக்கும்! ஃபைலை அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்குங்கள்.

அளவு பைட் தவறாமல் சரி, எம்டி5 மட்டும் தப்பு என்றால்தான் உண்மையான தலைவலி. இங்கேதான் எல்லாரும் நெட்டைத் திட்டுகிறார்கள், தேவையே இல்லாமல். ஜிஓஜி-யின் டவுன்லோட்கள் ஹெச்டிடிபிஎஸ் வழியாக வருகின்றன. அதற்கடியில் இருக்கும் டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு ஒவ்வொரு துண்டு தரவோடும் ஒரு முத்திரையை வைத்து அனுப்புகிறது. வழியில் ஒரே ஒரு பிட் புரண்டால்கூட முத்திரை பொருந்தாது, இணைப்பு அங்கேயே முறிந்துவிடும். மோசமான வைஃபை, பழைய ரவுட்டர், மழையில் நனைந்த கேபிள் எதுவாக இருந்தாலும் டவுன்லோடை மெதுவாக்கும், அறுக்கும்; ஆனால் சத்தமில்லாமல் உள்ளடக்கத்தை மாற்றிவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்ல வைக்காது. இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. அப்படியானால் மிச்சம் இருக்கும் சந்தேகப் பேர்வழிகள் மூன்று: உங்கள் மெஷின், ஜிஓஜி-யின் சர்வர், பழையதாகிப் போன பட்டியல். எம்டி5-ஐ நம்பலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டுமென்றே ஏமாற்ற நினைப்பவன் ஒரே எம்டி5 வரும்படி இரண்டு ஃபைல்களைத் தயாரிக்க முடியும் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள். தற்செயலாகக் கெட்ட ஃபைலைக் கண்டுபிடிக்க அது இன்றும் போதுமானது.

இந்த மூவரில் யார் என்று பிரிக்க ஒரு சோதனை போதும். அதற்கு முன், உங்கள் ‘மூன்று தடவை ஓட்டியும்’ என்பதில் எனக்கு ஒரு ஐயம். இந்த வகைக் கருவிகள் பலவும், ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் அளவு பட்டியலோடு ஒத்துப்போனால் அதை நல்ல ஃபைல் என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போய்விடும். அளவு சரி, உள்ளே கெட்டது என்ற ஃபைலுக்கு நீங்கள் முப்பது தடவை ஓட்டினாலும் ஒன்றும் நடக்காது, அது இறங்கவே இல்லை! கருவி எழுதிவைக்கும் பதிவில் (லாக்) அந்த ஃபைலுக்கு எதிரே வேகம் ஏதாவது காட்டியதா, இல்லை ஒரே நொடியில் தாண்டியதா என்று பாருங்கள். ஆக, ஒரு கெட்ட ஃபைலைத் தேர்ந்தெடுத்து, அதை அழிக்காமல் வேறு பெயர் வைத்து ஓரமாக விட்டுவிட்டு, அதே ஃபைலை வெளி டிஸ்கில் போடாமல் கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கும் டிஸ்கில் புதிதாக இறக்குங்கள். இப்போது உங்களிடம் மூன்று எண்கள் இருக்கும்: பட்டியல் சொல்லும் எம்டி5, பழைய பிரதியின் எம்டி5, புதிய பிரதியின் எம்டி5. விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையே இதைக் கணக்கிட்டுத் தரும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பழையதும் புதியதும் ஒன்றாக இருந்து பட்டியலோடு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், உங்கள் மெஷினை விட்டுவிடலாம். சர்வர் இந்த ஃபைலைத்தான் கொடுக்கிறது. புதியது பட்டியலோடு பொருந்தினால் வெளி டிஸ்க் அல்லது அதன் கேபிள் பக்கம் போங்கள். மூன்றும் மூன்று எண் என்றால் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஏதோ சரியில்லை.

இந்தக் கடைசி நிலையை நானே அனுபவித்திருக்கிறேன். சில வருடம் முன்பு 11 ஃபைல்கள் இப்படித் தோற்றன, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண். நானும் உங்களைப் போலவே இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டு, ஒரு பையன் வந்து ஃபைபர் கனெக்டரைத் துடைத்துவிட்டு, ‘எல்லாம் சரியா இருக்கு சார்’ என்று சொல்லிவிட்டுப் போனான். பாவம், அவன் சொன்னது சரி. அன்றிரவு ஒரே ஃபைலின் இரண்டு பிரதிகளை லினக்ஸில் சிஎம்பி கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். 3 ஜிபி ஃபைலில் வேறுபட்டது ஒரே ஒரு பைட். அந்தக் கட்டளை மதிப்புகளை எட்டின் அடிப்படையிலான எண்களாகக் காட்டும்: ஒரு பக்கம் 112, இன்னொரு பக்கம் 12. இரண்டாவது ஃபைலில் 311, 211. மூன்றாவதிலும் வித்தியாசம் 100. எட்டின் அடிப்படை எண்ணில் 100 என்பது நம் கணக்கில் 64, அதாவது ஒரு பைட்டின் எட்டு பிட்டில் ஒரே ஒரு பிட், எப்போதும் அதே பிட். அப்புறம் அந்த இடங்களின் எண்களை 4096-ஆல் வகுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே மீதி வந்தது. 4096 பைட் என்பது ரேமைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கும் அளவு. டிஸ்கிலிருந்து வரும் ஃபைலும் அதே அளவுத் துண்டுகளாகத்தான் ரேமில் உட்காரும். ஒரு பக்கத்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒரு பிட் இறந்து கிடந்தது, அங்கே வந்து உட்கார்ந்த ஃபைலெல்லாம் கெட்டது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டதும் நான்கு நிமிடத்தில் திரை சிவந்தது. இரண்டு ரேம் ஸ்டிக்கில் ஒன்றைக் கழற்றினேன், 11 ஃபைலும் பொருந்திவிட்டன. அந்த மெஷின் அதுவரை ஒரு தடவைகூடத் தொங்கியதில்லை, நீலத் திரையும் வந்ததில்லை.

அந்த அனுபவத்திலிருந்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டவுன்லோட் முடிந்த கையோடு எம்டி5 பார்த்தால், பல சமயம் நீங்கள் டிஸ்கைப் படிக்கவே இல்லை. இப்போதுதான் எழுதிய ஃபைல் என்பதால் அதன் பிரதி ரேமிலேயே இருக்கும், இயங்குதளம் அங்கிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். டிஸ்கில் என்ன எழுதப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. வெளி டிஸ்கை முறைப்படி வெளியேற்றி, பிடுங்கி, மறுபடி செருகி, அப்புறம் பாருங்கள். எம்டி5 கணக்கிட எடுக்கும் நேரமே உண்மையைச் சொல்லிவிடும்: சுழலும் டிஸ்க் ஒன்று 4 ஜிபி ஃபைலை ஐந்து விநாடியில் படித்து முடிக்காது. முடித்தால் நீங்கள் ரேமைத்தான் சோதித்திருக்கிறீர்கள்.

வெளி டிஸ்க்தான் குற்றவாளி என்று தெரிந்தால், விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். கேபிளை மாற்றுங்கள். கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பி-யை விட்டுவிட்டு மதர்போர்டோடு நேராக இணைந்த பின்பக்கத்தில் செருகுங்கள். தனி அடாப்டர் இல்லாத ஹப் வழியாகப் போவதாக இருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள், சின்ன டிஸ்க்குகளுக்கு மின்சாரம் போதாமல் போவது சர்வசாதாரணம். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் ‘ரீஅலொகேட்டட்’ (கெட்டு மாற்றப்பட்ட இடங்கள்), ‘பெண்டிங்’ (சந்தேகத்தில் நிற்கும் இடங்கள்) என்ற இரண்டு எண்களும் பூஜ்யமா என்று பாருங்கள்; பெண்டிங் நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்கை பேக்கப்புக்கு நம்ப வேண்டாம். யுடிஎம்ஏ சிஆர்சி எண்ணிக்கை ஏறினால் பெரும்பாலும் பெட்டிக்குள்ளே டிஸ்க் செருகியிருக்கும் சாட்டா இணைப்புதான், வெளியே உள்ள யுஎஸ்பி கேபிள் அல்ல. 4 டிபி டிஸ்கை நம்ப முடியாத அளவு மலிவாக வாங்கினீர்களா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி டிஸ்க்குகளும் பென் டிரைவ்களும் சந்தையில் உண்டு. உண்மையான இடம் தீர்ந்தபின் எழுதுவதெல்லாம் காற்றில் போகும், ஆனால் ஃபைல் பட்டியலில் எல்லாம் இருப்பதுபோலத் தெரியும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் டிஸ்கை நிரப்பிப் படித்து இதைக் காட்டிக்கொடுக்கும். நல்ல டிஸ்கிலும் இடத்தை நிரப்பியே சோதிக்கும் என்பதால் நேரம் பிடிக்கும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. ‘கடைசியில் வந்து நின்றுவிடுகிறது’ என்பதில் மட்டும் நீங்கள் எழுதியதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. வெளியில் ஒரே மாதிரி தெரியும் நான்கைந்து காரணங்கள் இருக்கின்றன. எந்த பைட்டில் நின்றது என்று பாருங்கள். 4,294,967,295-இல் நின்றால் டிஸ்க் எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு பைட்கூட ஒரு ஃபைலில் போகாது. விண்டோஸ் இன்ஸ்டாலர்களை 4 ஜிபிக்குள் வெட்டியிருப்பதால் இது வராது, ஆனால் லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் வெட்டாமல் ஒரே பெரிய ஃபைலாக வரும், அங்கே தடுக்கி விழும். எக்ஸ்எஃப்ஏடி அல்லது என்டிஎஃப்எஸ்-க்கு மாற்றினால் தீர்ந்தது. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடம் ஒவ்வொரு தடவையும் மாறினால், இணைப்பு நடுவில் அறுவதாக இருக்கலாம், உங்கள் நெட்டுக்கு நான் பாதி இடம் கொடுத்தது இங்கேதான். முழு அளவும் வந்தபின் முடியாமல் நின்றால் ஆன்டிவைரஸ் அந்த 4 ஜிபியை மென்றுகொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் யார் டிஸ்கைப் படிக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஆன்டிவைரஸையே அணைக்க வேண்டாம், டவுன்லோட் ஃபோல்டரை மட்டும் விலக்கிவைத்து, முடிந்தபின் நீங்களாக ஸ்கேன் செய்யுங்கள். இன்னும் ஒரு காரணம் எஸ்எம்ஆர் வகை டிஸ்க். தடங்களைக் கூரை ஓடுபோல ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி எழுதும் வகை இது. கொஞ்ச நேரம் வேகமாக வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் தற்காலிக இடம் நிறைந்ததும் நொண்டும். அந்த நேரத்தில் கருவி பொறுமை இழந்து இணைப்பை விட்டுவிடும். உள் டிஸ்கில் இறக்கிவிட்டு, இரவில் மொத்தமாக வெளி டிஸ்குக்கு நகலெடுத்தால் இந்தத் தொல்லை இருக்காது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

லாகின் பிழைகளைப் பற்றி இரண்டு வரி. 401 என்றால் அனுமதி காலாவதி, மறுபடி லாகின் செய்ய வேண்டும். டவுன்லோட் சுட்டிகளுக்கும் ஆயுள் குறைவு. நேற்று நகலெடுத்து வைத்த சுட்டியை இன்று ஓட்டினால் வேலை செய்யாது. 429-ம் 503-ம் வந்தால் சர்வர் ‘கொஞ்சம் பொறு’ என்கிறது. ஒரே சமயத்தில் எட்டு டவுன்லோட் விடுவதை இரண்டாகக் குறையுங்கள், தோற்றால் உடனே மோதாமல் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் என்று இடைவெளி விட்டு முயலும்படி வையுங்கள். சான்றிதழ் பிழை வந்தால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள், பழைய மதர்போர்டில் பேட்டரி செத்தால் கடிகாரம் பின்னால் போய்விடும். ஜிஓஜிரெப்போவோ, அதே வேலையைச் செய்யும் எல்ஜிஓஜிடவுன்லோடரோ ஆர்வலர்கள் எழுதித் தருபவை, ஜிஓஜி-யின் சொந்தக் கருவிகள் அல்ல. தளத்தில் ஏதாவது மாறினால் ஒரு நாள் திடீரென்று எல்லாமே தோற்கும். அப்போது உங்கள் மெஷினை நோண்டாமல், கருவியின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தப்பு சர்வர் பக்கம் என்று மூன்று எண் சோதனை காட்டினால், முதலில் பட்டியலைப் புதுப்பித்து இன்னொரு முறை ஒப்பிடுங்கள். பட்டியல்தான் பழசு என்றால் அதில் தீரும். தீராவிட்டால் கெட்ட நகல் உங்களுக்கு அருகில் உள்ள இடைச் சர்வரில் மட்டும் தேங்கியிருக்க வாய்ப்பு உண்டு. பெரிய தளங்கள் ஃபைல்களை உலகமெங்கும் பல இடங்களில் நகல் வைத்துத்தான் கொடுக்கின்றன. மொபைல் டேட்டாவிலோ விபிஎன் வழியாகவோ அதே ஃபைலை இறக்கினால் வேறு இடத்திலிருந்து வரக்கூடும். நிச்சயம் வரும் என்று சொல்லமாட்டேன், முயன்று பார்க்க வேண்டியதுதான். அப்போதும் அதே எண் என்றால் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். ‘டவுன்லோட் ஆகவில்லை’ என்று எழுதினால் கேச்சைத் துடைக்கச் சொல்லி ஒரு பதில் வரும். ஃபைலின் முழுப் பெயர், வர வேண்டிய எம்டி5, வந்த எம்டி5, இரண்டு வேறு இணைப்புகளில் பார்த்தது, நேரம் இவற்றைக் கொடுத்தால் பிரச்சினை அதைச் சரிசெய்யக்கூடியவரிடம் சீக்கிரம் போய்ச் சேரும்.

இப்போது அந்த 190. ஜிஓஜிரெப்போவில் ‘வெரிஃபை’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு ஃபைலின் அளவையும் எம்டி5-ஐயும் பார்க்கும், ஜிப் என்றால் உள்ளே திறந்தும் பார்க்கும். டிஸ்கைப் பிடுங்கிச் செருகிவிட்டு இதை இரவில் ஓடவிடுங்கள். இன்ஸ்டாலர்களுக்கு ஜிஓஜி ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு தருகிறது. அதில் முழு ஃபைலின் எம்டி5-ஓடு ஒவ்வொரு 10 எம்பி துண்டுக்கும் தனி எம்டி5 இருக்கும். லினக்ஸில் ஓடும் எல்ஜிஓஜிடவுன்லோடரின் ‘ரிப்பேர்’ இதை வைத்துக் கெட்ட துண்டை மட்டும் மறுபடி இறக்கும். 4 ஜிபி ஃபைலில் ஒரு துண்டுதான் கெட்டது என்றால் 10 எம்பி-யோடு வேலை முடிந்தது. எந்தெந்தத் துண்டுகள் கெட்டன என்று தெரிவதும் லாபம்தான்: ஒரே ஒரு துண்டு என்றால் ரேம் ஞாபகத்துக்கு வர வேண்டும், வால் பகுதி முழுவதும் என்றால் பாதியில் நின்ற டவுன்லோட். சில டவுன்லோடர்கள் ஆரம்பத்திலேயே முழு அளவுக்கு இடம் பிடித்து வைத்துவிடும். அதனால்தான் வால் வெறுமையாக இருந்தும் அளவு மட்டும் சரியாகத் தெரிகிறது.

இசை, கையேடு, வால்பேப்பர் போன்ற கூடுதல் சமாசாரங்களுக்கு இந்த எக்ஸ்எம்எல் பொதுவாகக் கிடைப்பதில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஜிப் என்பதால் ஜிப்பின் உள்சோதனையே நமக்கு ஆதாரம். இன்ஸ்டாலர்களை இன்னும் ஒரு படி சோதிக்க வேண்டுமென்றால் இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற கருவி உண்டு. விண்டோஸ் இன்ஸ்டாலர்கள் இன்னோ செட்டப் என்ற இன்ஸ்டாலர் தயாரிக்கும் கருவியில் கட்டப்பட்டவை என்பதால், இது எதையும் இன்ஸ்டால் செய்யாமல் உள்ளே உள்ள ஒவ்வொரு ஃபைலின் சரிபார்ப்பு எண்ணையும் பார்த்துச் சொல்லும். பழைய-புதிய பாகங்கள் கலந்த கேஸும் இதில் மாட்டும். பழைய இன்னோஎக்ஸ்ட்ராக்ட், புதிய இன்னோ செட்டப்பில் கட்டிய இன்ஸ்டாலரைப் படிக்கத் தெரியாமல் முழிப்பதும் உண்டு. ‘தெரியாத பதிப்பு’ என்று அது சொன்னால் ஃபைல் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஸ்டீமில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: அங்கே பேக்கப் என்று எடுப்பதை மீட்கவும் ஸ்டீம் செயலியும் கணக்கும் வேண்டும், அது வேறு விஷயம். செயலி இல்லாமலே இன்ஸ்டால் ஆகும் ஃபைல் என்பதால்தான் ஜிஓஜி லைப்ரரிக்கு இத்தனை மெனக்கெடுகிறோம். நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ கடையில் 2023 மார்ச் 27-க்குப் பிறகு எதையும் வாங்க முடியவில்லை. ஏற்கெனவே வாங்கியதை மறுபடி இறக்குவதும் அவர்கள் அனுமதிக்கும் வரைதான்.

நீங்கள் இன்று செய்ய வேண்டியது: பட்டியலைப் புதுப்பித்து 404-களை இறக்குங்கள், ஒரே ஒரு கெட்ட ஃபைலை எடுத்து அந்த மூன்று எம்டி5-களையும் கணக்கிடுங்கள். அந்த எண்களையும், நின்றுபோன ஃபைல் ஒன்று எந்த பைட்டில் நின்றது என்பதையும், டிஸ்க் எந்த ஃபார்மேட்டில் இருக்கிறது என்பதையும் கீழே எழுதுங்கள். மூன்றும் மூன்று எண்ணாக வந்தால் மட்டும், பதிலுக்குக் காத்திராமல் இரவே மெம்டெஸ்ட் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். அந்த மெஷினில் கேம் தவிர உங்கள் போட்டோக்களும் இருக்கும்.